குவாரிக்காரர் போய்விட்டார்... குழி யாருக்கு?

குத்தகை முடிந்த கல்குவாரியை மறுபடியும் நிலமாக்குவதில் எத்தனை சிக்கல்? எந்த வாசலைத் தட்டினால் வழி பிறக்கும்?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக சுமார் 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி. ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967-ல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்கா, மழைக்காலத்தில் விழுகிற அருவி, சுற்றிலும் காப்புக்காடு என்று விடுமுறை நாளில் வருகிறவர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு. மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் காடுகள். கீழே நெல்லும் நிலக்கடலையும். இந்தப் பக்கத்து மலையில் பிறக்கும் நாகநதிதான் கண்ணமங்கலம், ஆரணி பக்கம் போய்ப் பல ஊர்க் கிணறுகளுக்கு ஊற்று கொடுக்கிறது. வறண்டு கிடந்த அந்த ஆற்றில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் பெண்கள் உறைகிணறு இறக்கி நீரைச் சேர்த்த கதை, 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரை வரைக்கும் போனது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலூர் மாவட்டம் பாறைக்கும் பேர்போனது. பாறை இருந்தால் குவாரி வரும். ஜல்லிக்கும் கட்டுக்கல்லுக்கும் கிராக்கி குறைவதே இல்லை. மானாவாரியில் ஒரு போகம் கடலையைக் கூட ஒழுங்காக எடுக்க முடியாத பாறைப் புஞ்சையை ஒருவர் வந்து குத்தகைக்குக் கேட்டால், சிறு விவசாயி யோசிக்காமல் தலையாட்டி விடுகிறார். ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்துக் குத்தகை முடிகிறது. பொக்லைன் போகிறது, கம்ப்ரசர் போகிறது, ஆட்கள் போகிறார்கள். நிற்பது குழி மட்டும்.

அந்தக் குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு மனுவோடு போகிறவர் படும் பாடு தனி. "ஐயா, குத்தகை முடிஞ்சு போச்சு, குழி அப்படியே நிக்குது" என்றால், கிராம நிர்வாக அலுவலர் "அது மைன்ஸ் ஆபீஸ் விஷயம்" என்பார். மைன்ஸ் ஆபீஸில் "பட்டா நிலம்தானே, உங்க நிலத்தை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லக்கூடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் "கிரஷர் ஓடுதா? ஓடலைன்னா எங்க வேலை இல்லை" என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தப் பிரச்னை இழுபடுகிறது.

பேப்பரில் யார் பெயர் இருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது குழியை அல்ல, குத்தகை உத்தரவை. கருங்கல், ஜல்லி, கிராவல் எல்லாம் சட்டத்தின் பார்வையில் 'சிறு கனிமம்'. இவற்றுக்கான விதிகளை மாநில அரசே வகுக்கிறது. தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள்தான் இன்றைக்கும், எத்தனையோ திருத்தங்களோடு, நடைமுறையில் இருக்கின்றன. அரசுப் புறம்போக்கில் குவாரி என்றால் ஏலம் அல்லது டெண்டர். பட்டா நிலத்தில் என்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி கொடுக்க வேண்டும். புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகம் அதற்கான கோப்பை வைத்திருக்கும்.

பட்டா நில அனுமதியில் ஒரு கண்ணி இருக்கிறது. கல் உடைத்துச் சம்பாதித்தவர் ஒருவர், உத்தரவில் இருக்கும் பெயர் இன்னொருவர் என்பது சாதாரணமாக நடக்கிறது. நில உரிமையாளர் பெயரிலேயே அனுமதி வாங்கி, வெளியூர் ஆள் வாய்மொழியாகவோ சாதாரணப் பத்திரத்திலோ நடத்தியிருப்பார். அப்படியானால் சட்டப்படி 'குவாரிக்காரர்' பட்டாதாரர்தான். அனுமதித்த அளவுக்கு மேல் வெட்டியிருந்தால் அபராத நோட்டீசும் அவர் வீட்டுக்குத்தான் வரும். 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21(5) பிரிவு, அனுமதியில்லாமல் எடுத்த கனிமத்தின் விலையையே வசூலிக்க அதிகாரம் தருகிறது. உரிமத்தொகை மட்டும் கட்டிவிட்டுத் தப்ப முடியாது. ஏக்கருக்கு வருடம் சில ஆயிரம் வாங்கியவர் மேல் பல லட்சத்துக்குக் கோரிக்கை வருவது இப்படித்தான்.

வெளியூர் ஆள் பெயரில் அனுமதி இருந்து, பட்டாதாரர் பதிவு செய்த சம்மதப் பத்திரம் மட்டும் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. குழிக்குப் பொறுப்பு அனுமதி பெற்றவருடையது. ஆகவே ஆட்சியரின் உத்தரவு நகல், குத்தகைப் பத்திரம், சம்மதப் பத்திரம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பயனில்லை. நிலம் அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவாக இருந்தால், ஒப்படை உத்தரவையும் எடுத்துப் படித்துவிட வேண்டும். விவசாயத்துக்கென்று கொடுத்த நிலத்தில் கல் உடைத்தால் நிபந்தனை மீறல் என்ற கேள்வி எழும். குழியை மூடப் போன இடத்தில் பட்டாவுக்கே வில்லங்கம் வந்துவிடக் கூடாது.

தோண்டும்போதே மூடும் திட்டமும் எழுதப்பட்டிருக்கிறது

குவாரி நடத்துபவர்கள் விவசாயிக்குச் சொல்லாத செய்தி இது. இப்போதெல்லாம் குவாரி தொடங்கும் முன்பே, எவ்வளவு நீளம், அகலம், ஆழம் வெட்டப் போகிறார் என்று சுரங்கத் திட்டம் ஒன்றைத் தயாரித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தத் திட்டத்திலேயே, வேலை முடிந்த பிறகு குழியை எப்படி விடப்போகிறார், எங்கே வேலி, எத்தனை மரம், எவ்வளவு செலவு என்ற பகுதியும் இருக்கும். எல்லையிலிருந்து பக்கத்து பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டரும், அரசு நிலம், பாதை பக்கம் 10 மீட்டரும் வெட்டாமல் விட வேண்டும் என்பது இந்தத் திட்டங்களில் வழக்கமாக இருக்கும் கணக்கு. குடியிருப்புக்கு 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி.

இதற்கு மேல் சுற்றுச்சூழல் அனுமதி. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று சொன்ன பிறகு, 'இரண்டு ஏக்கர் குவாரிதானே' என்ற சாக்கு செல்லாது. இந்த அனுமதிக் கடிதம் பக்கம் பக்கமாக நிபந்தனை போடும். நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளுக்குள் அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தால் சில நேரம் சிரிப்புதான் வரும். குழியோரம் ஒரு கருவேலங்கன்று கூட இல்லாத இடத்தில் வேம்பும் புங்கனும் நூற்றுக்கணக்கில் வளர்ந்திருப்பதாக எழுதியிருப்பார்கள். ஆனால் விவசாயியின் கையில் அதுவே நல்ல ஆதாரம். எழுதியதற்கும் கிடக்கிற நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டோவோடு காட்டினால் அதிகாரியால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

2020 ஜனவரி 8 அன்று 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது. சுரங்க வேலை முடிந்ததும், தோண்டிய இடத்திலும் அதனால் கெட்டுப்போன மற்ற இடத்திலும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வளரத் தகுந்த நிலையில் விட வேண்டும் என்பது அது. செலவு சுரங்கம் நடத்தியவருடையது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே மாதம் 16-ம் தேதி இதற்கான உத்தரவையும் அனுப்பியது. அதற்குப் பிறகு வந்த அனுமதிக் கடிதங்களில் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

சுண்ணாம்புக்கல், மேக்னசைட், பாக்சைட் மாதிரி பெருங்கனிமம் என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 2003-லிருந்தே சுரங்கம் மூடும் திட்டம் கட்டாயம். அதற்கு நிதி உத்தரவாதமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகம் அதைக் கவனிக்கிறது. மூடும் வேலையைச் செய்யாவிட்டால் அந்தப் பணத்தை எடுத்து வேலையைச் செய்ய முடியும். அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977-ல் கொண்டுவந்த சட்டத்தில் இதை இன்னும் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். வைப்புத்தொகை ஒரே மூச்சில் திரும்பாது. மண் நிரப்பி மட்டம் செய்த பிறகு ஒரு பங்கு, புல் பூண்டு பிடித்த பிறகு ஒரு பங்கு, மழை கிடைக்கும் பகுதியில் ஐந்து வருடமும் வறண்ட பகுதியில் பத்து வருடமும் பயிர் நிலைத்த பிறகே மீதி. பணம் திரும்பும் முன் நில உரிமையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் ஆட்சேபிக்கலாம். நம் கல்குவாரி விவசாயிக்கு இல்லாத பலம் அதுதான்.

வேலூர் நாட்டுக்குக் கொடுத்த தீர்ப்பு

"கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும்" என்பது இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக நுழைந்தது வேலூர் மாவட்டத்து வழக்கில்தான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறும் நிலமும் பாழாகி, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவர், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அந்த விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, சேதம் சரியாகும் வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஏறக்குறைய முப்பது வருடம். தீர்ப்பு கையில் இருப்பதும் நிலம் திரும்புவதும் ஒன்றல்ல என்பதை இந்த மாவட்டத்து விவசாயிகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் குவாரிக் குழி விவகாரத்தில் மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுவது வீண் இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டத்திலேயே இந்தக் கொள்கை சேர்க்கப்பட்டிருக்கிறது.

மண் போட்டு மூடிவிடலாமே?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பு வரும்.

ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் குழி. ஆழம் 20 மீட்டர். மொத்தம் 2 லட்சம் கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பர் ஒரு நடைக்குச் சுமார் எட்டரை கன மீட்டர் கொண்டுவரும். இந்தக் குழியை நிரப்ப 23,500 நடை வேண்டும். தினம் 20 நடை அடித்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை மண் எங்கே இருக்கிறது? இன்னொரு நிலத்தைத் தோண்டித்தான் வர வேண்டும். அதற்கு இன்னொரு அனுமதி.

ஏரி வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அரசு அனுமதிக்கிறதே என்பார்கள். 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம். ஆனால் அளவு, ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். புஞ்சைக்கான 90 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டே கால் சென்டிமீட்டர் கூட நிற்காது. வெறும் பாறைமேல் ஓரடி மேல்மண் வேண்டுமென்றால் ஏக்கருக்கு 1,200 கன மீட்டருக்கு மேல், 140 டிப்பருக்கு மேல் வேண்டும். வண்டல் மண் இருக்கிற நிலத்தை வளப்படுத்த நல்லது. குழியை மூட உதவாது.

இந்த இடத்தில்தான் ஆபத்தான ஆட்கள் வருவார்கள். "நாங்க மூடித் தர்றோம், காசு வேண்டாம், மேல ஓரடி செம்மண் போட்டுத் தர்றோம்" என்று ஒருவர் சொன்னால், கீழே என்ன போடப் போகிறார் என்று கேட்க வேண்டும். ஊர்க்குப்பை, ஆஸ்பத்திரிக் கழிவு, தொழிற்சாலைச் சேறு எதுவாகவும் இருக்கலாம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து, ஆலை நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் நிலத்தடி நீருக்கு அது தலைவலியாகவே இருக்கிறது. சமதரையில் கிடந்த கழிவுக்கே இந்தக் கதி. குவாரிக் குழி என்பது பாறை வெடிப்புகளின் வாயைத் திறந்து வைத்த இடம். அதில் போட்ட விஷம் எந்த ஊர்க் கிணற்றில் எட்டிப்பார்க்கும் என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழிவு கொட்டியது பட்டா நிலத்தில் என்றால் நில உரிமையாளரும் வழக்கில் சேருவார்.

அனல்மின் நிலையச் சாம்பலைக் கைவிட்ட குவாரிகளில் நிரப்ப மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை வழி வைத்திருக்கிறது. அதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் உண்டு, நீர்மட்டம் பார்க்க வேண்டும், அனுமதி வேண்டும். எந்தப் பொருளானாலும், வாரியத்திடமிருந்து எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு டிப்பரைக் கூட உள்ளே விடக் கூடாது.

குழியில் நிற்கும் தண்ணீர்

நிரப்ப முடியாது என்பதால், பெரும்பாலான சுரங்கத் திட்டங்களில் 'குழி மழைநீர் சேமிப்புக் குளமாகப் பயன்படுத்தப்படும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை 2017, 2019 வறட்சியில் சுத்திகரித்துக் குடிநீராகவே கொடுத்தார்கள். ஆக, அது பொய்யான யோசனை இல்லை. ஆனால் ஒரே வரியில் முடிகிற வேலையும் இல்லை.

மேலே சொன்ன அதே ஒரு ஹெக்டேர் குழி நிரம்பினால் 20 கோடி லிட்டர் கொள்ளும். அதில் நேரடியாக விழும் மழை, ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தாலும், ஒரு கோடி லிட்டர்தான். வெயிலில் ஆவியாகிப் போவது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், அதாவது ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர். அப்படியானால் குழியில் வருடம் பூராவும் தண்ணீர் நிற்கிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது? ஒன்று, மேட்டிலிருந்து ஓடை நீர் வந்து விழ வேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கிணறுகளின் ஊற்றுத்தான் குழியில் கசிந்து வெயிலில் காய்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி, மூடியில்லாத பெரிய கிணறு. குளம் என்று எழுதியதைச் சரிபார்க்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வரத்துக் கால்வாய் எங்கே என்பதுதான். வரத்து வரும் இடத்தில் வண்டல் படிய ஒரு சின்னத் தொட்டியும், வழிந்தால் போக ஒரு கடைவாசலும் வேண்டும். ஓடையைத் திருப்பக் கூடாது. அது கீழே இருப்பவர் பங்கு.

தண்ணீரைப் பாசனத்துக்கு எடுக்கும் முன் பரிசோதனை அவசியம். வெடிமருந்தில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டால் நைட்ரேட் அளவு கூடியிருக்கலாம். வாழைக்கும் கடலைக்கும் அதனால் பெரிய கெடுதல் இல்லை. குடிக்க, அதிலும் கைக்குழந்தைக்குப் பால் கலக்க, ஆகவே ஆகாது.

வேலி விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கெட்டியான பாறையிலும் ஆறு மீட்டருக்கு மேல் போகாமல் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் உயரத்துக்குக் குறையாத அகலம் விட வேண்டும் என்பது சுரங்கப் பாதுகாப்பு ஒழுங்குமுறை. பல குவாரிகளில் செங்குத்தாக நிற்கும் சுவரைப் பார்த்தாலே விதி காற்றில் போனது தெரியும். உள்ளே விழுந்த ஆடோ பிள்ளையோ ஏறி வரப் பிடிமானம் இருக்காது. மற்ற வேலைகள் வருடக்கணக்கில் இழுத்தாலும், வேலியையும் ஒரு பக்கச் சரிவுப் பாதையையும் முதல் மனுவிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

நிலமாகத் திரும்புவது எந்தப் பகுதி?

குழி போக மீதி இடம் ஒன்று உண்டு. கழிவுக்கல் குவித்த மேடு, கிரஷர் நின்ற இடம், லாரிப் பாதை, எல்லையோரத் துண்டு. இரண்டரை ஏக்கர் குவாரியைச் சுற்றி ஓர் ஏக்கராவது இப்படிக் கெட்டுக் கிடக்கும். விவசாயிக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது இதுதான். பேச்சுவார்த்தையில் இதை முன்வைத்தால் நடக்கும். 'முழுக் குழியையும் மூடு' என்று நின்றால் இதுவும் கிடைக்காமல் போகலாம்.

இதற்குப் பழைய பாடம் நெய்வேலி. 1957-ல் வேலை தொடங்கிய அந்தப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண் கீழே போய், ஆழத்து மண் மேலே வந்து கிடந்தது. அதில் சத்தும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை. தொழு உரம், பசுந்தாள், உயிர் உரம் என்று கொடுத்து, மரமும் பயிரும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பச்சை பிடித்தது. அத்தனை பெரிய பொதுத்துறை நிறுவனத்துக்கே அது வருடக்கணக்கான வேலை. நிலம் கொடுத்த குடும்பங்களின் குறை அங்கே இன்னும் பேசப்படுகிறது என்பது தனிக்கதை.

குவாரி ஓரத்தில் செய்ய வேண்டிய முறை இதைவிடச் சின்னது. லாரி ஓடி இறுகிய தரையை முதலில் கொத்துக் கலப்பையால் ஆழமாகக் கிழிக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்தால் அதைப் பரப்பலாம். வைத்திருக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருக்கும், எனவே கேட்கலாம். பாறைத்தூள் படிந்த இடத்தில் முதல் மழைக்குக் கொள்ளு, சணப்பை, முயல் மசால் விதைத்து மடக்கி உழுவது நல்லது. மேட்டுச் சரிவில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் மண்ணைப் பிடிக்கும். எல்லையில் கிளுவைப் போத்து உயிர்வேலியாகும். மரம் என்றால் வேம்பு, புங்கன், உசிலை. மூன்று மழை பார்த்த பிறகுதான் கடலையைப் பற்றி யோசிக்கலாம். அவசரப்பட்டு முதல் வருடமே கடலை விதைத்தவர் விதைக்கடலையை எறும்புக்குப் போட்ட மாதிரிதான்.

பயிர் வைத்ததும் அடங்கலில் ஏற்றச் சொல்ல வேண்டும். 'குவாரி' என்ற குறிப்பு கிராமக் கணக்கில் அப்படியே நின்றால் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் அந்த சர்வே எண்ணுக்குக் கிடைப்பது சிரமம்.

காப்புக்காட்டு ஓரத்துக்காரர்களுக்கு

அமிர்தி மாதிரி இடத்தில் வனத்துறையும் ஒரு கட்சி. 2021 நவம்பரில் தமிழக அரசு, சரணாலயங்களோடு காப்புக்காடுகளுக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் குவாரி கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் திருத்தம் செய்து காப்புக்காடுகளை அதிலிருந்து விலக்கியது. ஆகவே காப்புக்காட்டு ஓரத்தில் 2021-ல் நின்றுபோன குவாரிக்கு மறுபடி அனுமதி கேட்டு யாராவது வரலாம். பழைய குழியை மூடாமல் பக்கத்தில் புதுக் குழிக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் நேரம் அது.

குழியின் ஒரு முனை காட்டு எல்லைக்குள் போயிருந்தால், அந்தத் துண்டில் வேலி போடுவது கூட வனத்துறை ஒப்புதல் இல்லாமல் முடியாது. வருவாய்த்துறை, வனத்துறை, சுரங்கத்துறை மூவரும் சேர்ந்து அளக்கும் கூட்டுப் புலத்தணிக்கை கேட்டு மனு கொடுப்பதே வழி. தனித்தனியாக அளந்தால் மூன்று வரைபடம் வரும்.

எந்த வாசலைத் தட்டுவது?

முதல் செலவு பத்து ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட சுரங்கத்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். குத்தகை உத்தரவு, சுரங்கத் திட்டம், கடைசி அளவீட்டு அறிக்கை, நிலுவை விவரம் ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்திலும் கிடைக்கும்.

அடுத்தது ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். திங்கட்கிழமை மனுநாளைவிட இது மேல். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட முடியாது. மனுவில் மூடும் திட்டத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, 'இதில் எழுதிய இன்ன வேலை நடக்கவில்லை' என்று கேட்க வேண்டும். கிராமசபைத் தீர்மானமும் சேர்ந்தால் பலம்.

பணம் இல்லை என்று சொன்னால் இரண்டு இடத்தைக் காட்டலாம். குவாரிகளிடம் வசூலித்த தொகையில் நடக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்று. உரிமத்தொகையோடு சேர்த்து வாங்கும் பசுமை நிதி இன்னொன்று. நடத்தியவர் ஓடிப்போன, அல்லது ஆளே இல்லாத பழைய குழிகளுக்கு வேலி போட இதுதான் நடைமுறையில் வழி.

எதுவும் நகராவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தேதிதான் முக்கியம். இழப்பீடும் நில மீட்பும் கேட்க ஐந்து வருடம் அவகாசம், மற்ற சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம்தான். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று குவாரிக்காரர் இழுத்தடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வாசகர் கேட்பவை

*குத்தகை முடிந்த குவாரிக் குழியில் மீன் வளர்க்கலாமா?*

பட்டா நிலமாக இருந்து, சுரங்கத்துறையின் நிலுவை தீர்ந்திருந்தால் தடையில்லை. ஆனால் 20 மீட்டர் ஆழத்தில் வலை இழுக்க முடியாது. கூண்டு முறைதான் சரிப்படும். தண்ணீர் பரிசோதனை முடித்து, மீன்வளத்துறை அலுவலரை நேரில் அழைத்துக் காட்டிய பிறகு குஞ்சு வாங்குவது நல்லது.

*பக்கத்து நிலத்துக்காரர் குவாரி. எல்லையில் 7.5 மீட்டர் விடாமல் வெட்டிவிட்டார். வரப்பு சரிகிறது. என்ன செய்வது?*

வட்டாட்சியர் அலுவலகத்தில் பணம் கட்டி நிலத்தை அளந்து, அளவுக்கல் நட்டு, நில அளவரின் அறிக்கையை வாங்க வேண்டும். அதை இணைத்து ஆட்சியருக்கும் சுரங்கத்துறைக்கும் மனு. குவாரி ஓடிக்கொண்டிருந்தால் வேலையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். மழைக்கு முன்பே போய்விட வேண்டும். வரப்பு சரிந்து கல் உருண்டுவிட்டால், எல்லை எங்கே இருந்தது என்பதே வழக்காகிவிடும்.

*குவாரி நடத்தியவர் 'எல்லாம் சரியாக ஒப்படைத்துவிட்டேன்' என்று பட்டாதாரரிடம் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?*

மூடும் திட்டத்தில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாக நிலத்தில் நடந்து பார்த்துச் சரிபார்க்காமல் போடக் கூடாது. வேலி, மரம், மேல்மண், வெடிமருந்து வைத்த அறையைக் காலி செய்தது, மின் இணைப்பைத் துண்டித்தது, உரிமத்தொகை நிலுவை இல்லை என்ற சான்று எல்லாம் இருக்க வேண்டும். முடியாத வேலையைக் கையெழுத்துக்கு மேலேயே எழுதி, தேதி போட்டு, நகல் வாங்கிக்கொண்டு போடலாம். அவர் மறுத்தால் அந்த மறுப்பையே பதிவுத் தபாலில் சுரங்கத்துறைக்கு எழுதி அனுப்ப வேண்டும். தபால் ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கலாம்.